அந்தச் சமக்குறியை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு பதிப்பில் வரும் மாணவர் பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். இடம் போதவில்லை என்றால் என் சொந்தக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அந்தப் பக்கத்தில் வாரந்தோறும் ஆங்கிலச் சொல்வளம் என்று ஐம்பது சொற்கள் போடுகிறீர்கள். இடது பக்கம் ஒரு சொல், நடுவில் ஒரு சமக்குறி, வலது பக்கம் அதே பொருள் தரும் சொற்கள் மூன்று நான்கு. தமிழ் நாளிதழில் ஆங்கிலத்துக்கு எதற்கு இடம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அந்தக் கட்சி இல்லை. இந்த மலேசிய நாட்டில் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு மலாய் வழியில் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வீட்டில் அதைப் பேச ஆளில்லை. உங்கள் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துப் படிக்கிற பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அப்படி நம்பிப் படிக்கிறார்களே என்பதால்தான் அது சரியாக வரவேண்டும் என்று கேட்கிறேன்.

நான் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். இடைநிலைப்பள்ளியில் படிவம் ஐந்து வகுப்பு முடித்து 1979-இல் தோட்ட ஆபிசில் சின்னக் கிராணியாக (எழுத்தராக) சேர்ந்தேன். நாற்பது வருடம் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது டவுனுக்குப் பக்கத்தில் தாமான் (குடியிருப்பு) வீட்டில் இருக்கிறேன். சாயங்காலம் ஆனால் ஏழெட்டுப் பிள்ளைகள் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். டியூசன் என்று போர்டு மாட்டவில்லை, காசும் வாங்குவதில்லை. ஆங்கிலம் மட்டும் பார்ப்போம்.

போன மாதம் அவர்களில் ஒருத்தி, படிவம் ஐந்து படிக்கும் பெண், எஸ்.பி.எம். அரசுத் தேர்வுப் பயிற்சிக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். நான் மதிக்கும் தலைவர் என்பது தலைப்பு. நம் ஊர்க்காரர் என்று துன் சம்பந்தனைப் பற்றி எழுதியிருந்தாள். 1919-இல் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், நாடு சுதந்திரம் அடைந்தபோது அமைச்சரவையில் இருந்தவர் என்று விவரமெல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் முதல் வரியிலேயே என் கண் நின்றுவிட்டது. அவரை 'நொட்டோரியஸ் லீடர்' என்று எழுதியிருந்தாள்.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டேன்.

"ஃபேமஸ் பாட்டி. ஃபேமஸ்னு எல்லாருமே எழுதுவாங்க. அதான் பெரிய வார்த்தையா போட்டேன்."

நோட்டைத் திருப்பி, ஒட்டி வைத்திருந்த உங்கள் பக்கத்தைக் காட்டினாள். ஃபேமஸ், சமக்குறி, அப்புறம் வெல்-நோன், ரினௌண்ட், எமினென்ட், நொட்டோரியஸ். நாலாவது சொல்தான் மற்றவர்கள் எழுதாத சொல்லாக இருக்கும் என்று தேடி எடுத்திருக்கிறாள். சோம்பேறிப் பிள்ளை இப்படிச் செய்யாது. உழைக்கிற பிள்ளைதான் அந்தக் குழியில் விழுகிறது.

நொட்டோரியஸ் என்றால் கெட்ட காரியத்துக்குப் பேர்போனவர் என்று அர்த்தம். கொள்ளைக்காரனுக்குச் சொல்லலாம், அடிக்கடி விபத்து நடக்கும் சாலை வளைவுக்குச் சொல்லலாம். ஊருக்கு நல்லது செய்தவருக்குச் சொல்லக்கூடாது. தமிழில் அவளிடம் கேட்டேன்: "பேர்போன திருடன்னு சொல்லுவோம், புகழ்பெற்ற திருடன்னு சொல்லுவோமா?" சிரித்தாள். சிரித்த உடனேயே முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கட்டுரையை அவள் ஏற்கெனவே பள்ளியில் கொடுத்துவிட்டாளாம்.

இரண்டாம் பத்தியில் இன்னொன்று. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதைப் பற்றி எழுதியிருந்தாள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் அதைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் வேலையும் வீடும் போய்த் தெருவுக்கு வந்தார்கள். அந்தச் சமயத்தில் அவர் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்கலாம் என்று சொன்னார். அப்படிப் பத்துப் பத்தாகச் சேர்த்த பால்மரத் தொழிலாளிகளை இந்தப் பெண் 'மைசர்லி டேப்பர்ஸ்' என்று எழுதிவிட்டாள். உங்கள் பக்கத்தில் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வந்தது அது. திரிஃப்டி, சமக்குறி, ஃபுரூகல், எகனாமிக்கல், மைசர்லி.

ஐயா, என் அப்பாவும் அந்தப் பத்து வெள்ளி போட்டவர். அதற்காகச் சுருட்டை விட்டவர். (ஆங்கிலத்தில் ஷெரூட் என்கிறார்களே, அது நம் சுருட்டுதான் போய்த் திரும்பி வந்தது.) சங்கப் பத்திரத்தைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். சிக்கனக்காரர் என்று அவரை யார் சொன்னாலும் ஒத்துக்கொள்வேன். மைசர்லி என்றால் கஞ்சன், கையில் இருந்தும் ஒரு காசு கொடுக்க மனம் வராதவன். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த மனிதரை அந்தச் சொல்லால் பார்த்தபோது எனக்கு மனசு பொறுக்கவில்லை. அந்தப் பெண்ணின் தாத்தாவும் அதே சங்கத்தில் இருந்தவர்தான். அது அவளுக்கும் தெரியும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். அதற்கு விலை கொடுத்தவர்கள் மற்றவர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். மழையில்லாத மாதம், லயத்துக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. பெண்கள் வேலை முடிந்து வந்து கீழ்லயத்துக் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தூக்கினார்கள். மண்டோர் (கங்காணி) தாத்தா ஆபிசுக்கு வந்து, "மேல்லயத்துக்கு ஒரு குழாய் போட்டுக் குடுத்தா புண்ணியமாப் போகும்னு ஐயாகிட்ட கேட்டுப் பாரும்மா" என்றார். பெரிய கிராணி லீவில் இருந்தார். மானேஜருக்குக் கடிதம் எழுதும் வேலை முதல்தடவையாக என் கைக்கு வந்தது.

ஈப்போவில் வாங்கிய சின்னப் புத்தகம் ஒன்று என் மேசை அறையில் இருந்தது. ஒரே பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள், இதே மாதிரி இரண்டு வரிசையில். முதல் வரியில் ரிக்வெஸ்ட் என்று எழுதினேன். ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி எழுதினால் ஆங்கிலம் தெரியாதவள் என்று நினைப்பார்களே என்று புத்தகத்தைப் பார்த்து இரண்டாவது வரியில் டிமாண்ட் என்று போட்டேன். தொழிலாளர்கள் புதுக் குழாய் 'டிமாண்ட்' செய்கிறார்கள். தட்டச்சு செய்து, திருத்தமாக மடித்து, மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மானேஜர் கத்தினது எங்கள் லயம் வரைக்கும் கேட்டது. யார் தூண்டிவிடுவது, யூனியனா, வேலைநிறுத்தமா என்று மண்டோர் தாத்தாவைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டார். தாத்தா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆபிஸ் வாசலில் நின்றார். என்ன தப்பு செய்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. புண்ணியமாகப் போகும் என்று சொன்னவர் அவர். அதை மிரட்டலாக மாற்றினது என் பேனா. அந்தக் குழாய் வர இன்னும் இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் தண்ணீர் தூக்கினவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

பெரிய கிராணி லீவு முடிந்து வந்ததும் கடிதத்தின் நகலை எடுத்துப் படித்தார். திட்டவில்லை. என்னை ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு வந்த ஒட்டுப்பால் குவியல் கிடந்தது. மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) தங்கிக் கெட்டியான கட்டிப்பால் ஒரு பக்கம், வெட்டுக் கோட்டில் காய்ந்து நாடா மாதிரி உரித்தெடுத்த கோட்டுப்பால் ஒரு பக்கம், தரையில் சிந்தி மண்ணோடு உறைந்தது இன்னொரு பக்கம்.

"இது மூணும் என்ன?" என்றார்.

"ஒட்டுப்பால்."

"செக்ரோல்ல மூணையும் ஒரே கணக்குல எழுதுவியா?"

கூலிக் கணக்குப் புத்தகத்தில் அப்படி எழுதமாட்டேன். மண் ஒட்டினதற்கும் சுத்தமானதற்கும் ஒரே விலை கிடையாது. ஆங்கிலத்திலும் கப் லம்ப், ட்ரீ லேஸ், எர்த் ஸ்கிராப் என்று தனித்தனிப் பேர் வைத்திருக்கிறார்கள். எல்லாமே ஸ்கிராப்தான், எல்லாமே பால்மரத்திலிருந்து வந்ததுதான். ஆனால் ஒன்றைப் போடும் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் ஒருவருடைய கூலி குறையும். "சொல்லும் அப்படித்தாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் ஆபிசுக்குப் போய்விட்டார். அடுத்த மாதச் சம்பளத்தில் அந்தச் சின்னப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டு அகராதி வாங்கினேன்.

எந்த அகராதி என்பது முக்கியம். கையடக்க அகராதிகள் பல, ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைத்தான் பொருளாகத் தருகின்றன. ஃபேமஸ் என்று தேடினால் ரினௌண்ட் என்றிருக்கும். ரினௌண்ட் என்று தேடினால் ஃபேமஸ் என்றிருக்கும். செக்குமாடு மாதிரி சுற்ற வேண்டியதுதான். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கென்றே செய்த அகராதிகள் வேறு. ஜப்பானில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஏ.எஸ். ஹார்ன்பி என்பவர் அப்படி ஒன்றை உருவாக்கி 1942-இல் அங்கேயே வெளியிட்டார். பிறகு அது ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் இன்றைக்கும் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் பயன்படுத்தும் அகராதியாக இருக்கிறது. லாங்மன் நிறுவனம் 1978-இல் கொண்டுவந்த அகராதியில் எந்தக் கடினமான சொல்லுக்கும் விளக்கத்தை ஏறக்குறைய இரண்டாயிரம் எளிய சொற்களுக்குள்ளேயே எழுதினார்கள். இரண்டாயிரம் சொல் தெரிந்த பிள்ளை அந்த அகராதியில் மற்ற எல்லாச் சொல்லுக்குள்ளும் நுழைந்துவிடலாம். யார் சொல்வது, புகழ்ச்சியா பழியா, பேச்சிலா எழுத்திலா, எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு வாக்கியமும் இருக்கும். அந்த வாக்கியம்தான் பாதிப் பாடம்.

ஒரே பொருள் தரும் சொற்களைத் திரட்டுவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பீட்டர் மார்க் ரோஜெட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1852-இல் சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். அப்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். அதற்குப் பல நூறு வருடம் முன்னாலேயே நம் ஆட்கள் திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் செய்துவிட்டார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் நாள் முழுக்கத் தமிழில் வாழ்ந்தவர்கள். சொல்லின் குணம் அவர்களுக்குக் காதிலேயே இருந்தது. ரோஜெட்டின் புத்தகமும் அப்படித்தான். ஆங்கிலம் தெரிந்தவர் நாக்கு நுனியில் நிற்கும் சொல்லைத் தேடி எடுக்கிற புத்தகம் அது. அவர் அதில் சொற்களுக்கு விளக்கம் எழுதவே இல்லை. மொழி தெரிந்தவருக்கு வேண்டிய பட்டியலை, மொழியைக் கற்க வருகிற பிள்ளையின் கையில் விளக்கம் இல்லாமல் கொடுக்கிறோம். அங்கேதான் பிசகுகிறது.

இதைப் புரியவைக்க நான் முதலில் எடுப்பது ஆங்கிலத்தை இல்லை, உங்கள் நாளிதழைத்தான். மரண அறிவிப்புப் பக்கத்தைப் பிரித்து வைத்து, எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள் என்பேன். காலமானார், மறைந்தார், இறைவனடி சேர்ந்தார். வீட்டில் தவறிட்டார் என்கிறோம். மாடு செத்தது. எல்லாம் ஒன்றுதானே, அறிவிப்பில் 'செத்தார்' என்று போடலாமா என்று கேட்டால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அப்போதுதான் ஆங்கிலத்தைக் கொண்டுவருவேன். டை என்பது பொதுச் சொல். பாஸ் அவே என்பது துக்க வீட்டில் மெதுவாகச் சொல்வது. பெரிஷ் என்பது தீயிலோ வெள்ளத்திலோ பஞ்சத்திலோ மாண்டுபோவது. பழைய ரப்பர் வெடித்து இற்றுப்போவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான், அது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துவிடும். எக்ஸ்பயர் என்பது லைசன்சுக்கும் பால் டின்னுக்கும் பழகிப்போன சொல். நாலு சொல்லும் மனசில் நாலு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

வாசனைக்கும் அப்படித்தான். ஒரு பையன் ரப்பர் ஆலையைப் பற்றி எழுதும்போது 'ஃப்ரேக்ரன்ஸ்' என்று எழுதினான். ஒட்டுப்பால் வாடை எப்படி இருக்கும் என்று அந்த வழியாகப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். மல்லிகைக்கு என்ன சொல்வாய் என்று கேட்டேன். மணம் என்றான். கருவாட்டுக்கு? வாடை. சாக்கடைக்கு? நாற்றம். பழைய தமிழில் நாற்றம் என்றால் நறுமணம்தான், காலப்போக்கில் கெட்ட பக்கம் சாய்ந்துவிட்டது என்று சொன்னபோது அவனுக்கு ஆச்சரியம். அப்புறம் அவனாகவே அகராதியைப் புரட்டி சென்ட், ஓடர், ஸ்டெஞ்ச் மூன்றையும் பிரித்து எழுதினான். ஆலைக்கு ஸ்டெஞ்ச் போட்டான்.

ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை சொல் என்றும் கேட்பார்கள். 1066-இல் பிரெஞ்சு பேசும் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அடுத்த சில நூறு வருடங்களில் பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தன, படித்தவர்கள் வழியாக லத்தீனும் வந்தது. அதனால் ஆஸ்க் என்பது வீட்டுச் சொல், குவெஸ்சன் கொஞ்சம் விறைப்பானது, இன்டெராகேட் என்றால் போலீஸ் நிலையத்து வாடை அடிக்கும். நம்மிடமும் சோறு, சாதம், அன்னம் மூன்றும் இருக்கிறது. கோயிலில் அன்னதானம் என்கிறோமே தவிர சோறுதானம் என்று யாரும் சொன்னதில்லை. தண்ணீர் சன்னதிக்குள் போனால் தீர்த்தமாகிவிடுகிறது. தன் மொழியில் இந்த நுட்பம் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தெரியாமல் போகாது, யாராவது ஒருவர் கதவைத் திறந்துவிட்டால் போதும். தமிழ்ப்பள்ளியில் படித்ததால் ஆங்கிலம் வராது என்று பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். எனக்கு ஆங்கிலச் சொல்லின் எடை பிடிபட்டதே தமிழ் வழியாகத்தான்.

விளக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே பிறந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். வாசிப்புப் பயிற்சி ஒன்றில், ஒருவர் இறந்தபின் அவருடைய 'எஸ்டேட்' பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது என்று வந்தது. படிவம் நான்கு பையன் நிமிர்ந்து, "எத்தனை ஏக்கர் பாட்டி?" என்றான். அவன் தாத்தா, அப்பா எல்லாரும் எஸ்டேட்டில் பிறந்தவர்கள். அவனுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம். இறந்தவர் விட்டுப்போன வீடு, பணம், கடன் எல்லாம் சேர்ந்ததும் எஸ்டேட்தான் என்று அகராதியில் அடுத்த எண்ணில் இருக்கிறது. கம்பவுண்ட் என்ற சொல்லும் அப்படி. போலீஸ் கொடுக்கும் அபராதம் என்றுதான் இங்கே எல்லாருக்கும் தெரியும். வேதியியலில் அது சேர்மம். வேலி போட்ட வளாகத்துக்கும் அதே சொல். அந்தப் பொருள் மலாய் கம்போங்கிலிருந்து போனது என்பார்கள். தெரிந்த சொல் என்று நினைத்துத் தாண்டிப்போகிற சொல்தான் தேர்வில் காலை வாருகிறது. உங்கள் பட்டியலில் எஸ்டேட் வரவே வராது, அது சுலபமான சொல் என்று விட்டுவிடுவீர்கள்.

சரி, ஐம்பது வேண்டாம் என்றால் எத்தனை? வாரத்துக்கு ஐந்து என்பது என் கணக்கு. உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்கள் உடனே கேட்பார்கள், ஐந்து ஐந்தாகப் போட்டால் எந்தக் காலத்தில் முடிப்பது என்று. நியாயமான கேள்வி. நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் 2006-இல் கணக்குப் போட்டு, நாவலும் நாளிதழும் துணையில்லாமல் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் கிளைச்சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும் என்று காட்டினார். அதைப் பட்டியல் போட்டு யாராலும் முடிக்க முடியாது, ஐம்பது ஐம்பதாகப் போட்டாலும்தான். அதில் பெரும்பகுதி படித்துப் படித்துத்தான் வரும். ஆனால் அதே நாட்டில் ஏவரில் காக்ஸ்ஹெட் என்பவர் 2000-இல் இன்னொரு பட்டியல் செய்தார். எந்தத் துறைப் பாடநூலை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும் கல்விச் சொற்கள், மொத்தம் 570 குடும்பங்கள். பல்கலைக்கழகப் பாடநூலில் பத்துச் சொல்லுக்கு ஒன்று அந்தக் கூட்டத்திலிருந்து வருகிறது. வாரம் ஐந்து என்றால் 570 முடிய 114 வாரம், இரண்டே கால் வருடம் கூட ஆகாது. படிவம் நான்கில் உங்கள் பக்கத்தைப் படிக்கத் தொடங்கும் பிள்ளை ஆறாம் படிவத்தில் மூயெட் என்ற பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு எழுதப் போகும்போது அத்தனையும் கையில் இருக்கும். ஐம்பதாகப் போட்ட சொற்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் ஓடிப்போய்விடுகின்றன. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், ஆசிரியர் அவர்களே. போன வாரத்துப் பக்கத்தை மூடிவைத்துக் கேட்டால் ஆறு ஏழு சொல் வரும், அதிலும் பாதி தப்பாக.

மறக்காமல் இருக்க எங்கள் வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே அட்டை வைத்து மூன்று அறையாகத் தடுத்திருக்கிறோம். ஜெர்மனியில் லைட்னர் என்பவர் 1970-களில் சொன்ன வழி, செலவில்லாதது. ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. முன்பக்கம் சொல் மட்டும். பின்பக்கம் பிள்ளை தன் வார்த்தையில் எழுதின விளக்கம், பக்கத்துச் சொல் ஒன்று, இரண்டுக்கும் என்ன வித்தியாசம், நம் ஊரில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம். முதல் அறைச் சீட்டைத் தினமும் பார்க்கவேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாம் அறைக்குப் போகும், அதை வாரம் இரண்டு தடவை பார்த்தால் போதும். மூன்றாம் அறை மாதம் ஒருமுறை. தப்பாகச் சொன்னால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்ப வரவேண்டும். சின்னப் பிள்ளைகள் கூடச் சண்டை போட்டுக்கொண்டு விளையாடுவார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். அந்தச் சமக்குறியை எடுத்துவிடுங்கள். ஐந்து சொல் போடுங்கள், அந்த இடம் முழுவதையும் அவற்றுக்கே கொடுங்கள். திரிஃப்டி போடுவதாக இருந்தால் இப்படிப் போடலாம்: பணத்தையும் பொருளையும் வீணாக்காமல் கவனமாகச் செலவழிக்கிற என்று பொருள், பாராட்டாகச் சொல்வது, தமிழில் சிக்கனமான. ஃபுரூகல் இதற்கு நெருங்கிய சொந்தம், ஆனால் ஆளுக்கு மட்டுமில்லை, கஞ்சியும் துவையலுமாக இருக்கிற எளிய சாப்பாட்டுக்கும் அதைச் சொல்லலாம். எகனாமிக்கல் என்பது பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் வண்டிக்குப் பொருந்தும். ஸ்டிஞ்ஜியும் மைசர்லியும் எதிர்க் கரையில் இருப்பவை, இரண்டும் திட்டு. பிறகு ஒரு வாக்கியம், பினாங்குக் கடற்கரையையும் லண்டன் பனியையும் பற்றி இல்லாமல், பிள்ளை பார்த்த ஒன்றைப் பற்றி. எந்தச் சொல் எதோடு சேரும் என்பதையும் ஒரு வரி போட்டுவிடுங்கள். நாம் சாயம் கூடின தேத்தண்ணி என்கிறோம், ஆங்கிலத்தில் ஸ்ட்ரோங் டீ, பவர்ஃபுல் டீ இல்லை. மழைக்கு ஹெவி, ஸ்ட்ரோங் இல்லை. அதை எந்த விதியும் சொல்லிக்கொடுக்காது, பார்த்துப் பழகவேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறந்தநாளுக்குக் கேக் வாங்கும் காசில் நல்ல மாணவர் அகராதி ஒன்று வாங்கிவிடலாம். கோயில்களிலும் இளைஞர் மன்றங்களிலும் பரிசளிப்பு விழாவில் கோப்பை கொடுக்கிறார்கள். அதற்குப் பதில் அகராதி கொடுத்தால் அந்தப் பிள்ளையின் தம்பி தங்கையும் படிப்பார்கள். கைப்பேசியில் அகராதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நானும் பார்க்கிறேன். முதலில் வரும் ஒரு வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல் கீழே இறங்கி இரண்டாவது மூன்றாவது பொருளையும் வாக்கியங்களையும் படிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்குங்கள்.

அந்தப் பெண் கட்டுரையைத் திருப்பி எழுதினாள். பள்ளியில் மதிப்பெண் போனது போனதுதான், ஆனாலும் எழுதினாள். மைசர்லியை அடித்துவிட்டு திரிஃப்டி போட்டாள். நொட்டோரியஸ் சீட்டின் பின்னால், மழை பெய்தால் எங்கள் தாமான் முச்சந்தி வெள்ளத்துக்கு நொட்டோரியஸ் என்று வாக்கியம் எழுதி முதல் அறையில் வைத்தாள். துன் சம்பந்தனுக்கு என்ன போடுவது என்று ரொம்ப நேரம் யோசித்தாள். எமினென்ட், ரினௌண்ட், ரிவியர்ட் மூன்றையும் அகராதியில் பார்த்து, மூன்றுக்கும் வித்தியாசம் எழுதி வைத்துவிட்டு, கடைசியில் ரெஸ்பெக்டட் என்று எழுதினாள்.

"பெரிய வார்த்தை வேணும்னு சொன்னியே" என்றேன்.

"பரவாயில்ல பாட்டி. தாத்தாவெல்லாம் மாசம் பத்து வெள்ளி குடுத்தாங்கல்ல. மரியாதை இல்லாதவங்களுக்கா குடுத்திருப்பாங்க?" என்றாள்.

இந்தக் கடிதத்தோடு பத்துச் சொற்களுக்கு நான் சொன்ன முறையில் எழுதி இணைத்திருக்கிறேன், இரண்டு வாரத்துக்குப் போதும். ஆசிரியர் பணியில் இருக்கும் யாரிடமாவது காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பிடித்திருந்தால் மீதியையும் எழுதி அனுப்புகிறேன், சன்மானம் எதுவும் வேண்டாம். பிள்ளைகளும் சேர்ந்து வாக்கியம் எழுதித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
ஓய்வுபெற்ற தோட்ட ஆபிஸ் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.